பால்மே கொலை: சாட்சிகளும் சந்தேகமும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் முன்னோர். தீர விசாரித்தும் மெய் அகப்படாத வழக்கு ஒன்று உண்டு.

1986 பிப்ரவரி 28, இரவு. ஸ்வீடன் பிரதமர் ஓலோஃப் பால்மே, மெய்க்காவலர் எவருமின்றி, மனைவி லிஸ்பெத்துடன் திரைப்படம் பார்த்துவிட்டு ஸ்டாக்ஹோம் வீதியில் நடந்து வந்தார். முதுகில் பாய்ந்த குண்டு அவர் உயிரைக் குடித்தது. மற்றொன்று லிஸ்பெத்தை உரசிச் சென்றது.

1988இல் நடந்த அடையாள அணிவகுப்பில் லிஸ்பெத் காட்டியவர் கிறிஸ்டர் பெட்டர்சன். 1989 ஜூலையில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால், சந்தேகத்துக்குரியவர் குடிப்பழக்கம் உள்ளவர் என்பது லிஸ்பெத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. கொலைத் துப்பாக்கியும் கிட்டவில்லை. அவ்வாண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் பெட்டர்சனை விடுவித்தது.

இன்னொரு சாட்சி, அருகிலிருந்த காப்பீட்டு நிறுவன ஊழியர் ஸ்டிக் எங்ஸ்ட்ரோம். வீழ்ந்து கிடந்தவருக்கு உதவ முயன்றதாகவும், பிறர் கண்ட 'ஓடிய மனிதன்' தானே என்றும் அவர் கூறினார். அங்கிருந்தோர் வாக்குமூலங்கள் அதனோடு பொருந்தவில்லை. 2000இல் அவர் இறந்தார். 2020இல் அரசு வழக்கறிஞர் அவரையே கொலையாளியாகச் சுட்டி வழக்கை முடித்தார். ஆதாரம் போதாது என 2025இல் வழக்குத் துறையே பின்வாங்கியது.

கணவனைப் பறிகொடுத்தவளின் கண்களையே போதாதென்று தள்ளிய நீதி, மறுத்துப் பேச முடியாத இறந்தவரிடம் மட்டும் ஏன் தன் அளவுகோலைத் தளர்த்திக்கொண்டது?