பள்ளிவாசற் கலையும் தமிழ்க் கல்தச்சரும்

இசுலாமியக் கலை என்றவுடன் உங்கள் மனக்கண்முன் தோன்றுவன யாவை? வெண்ணிறக் கும்மட்டமும் விண்ணை நோக்கி நிமிர்ந்த மினாராக்களுமே அன்றோ? ஆயின், கும்மட்டமே இல்லாத பள்ளிவாசல்களும் உலகில் உண்டு. அவற்றுள் பழைமையும் எழிலும் வாய்ந்த சில நம் தமிழகத்திலேயே உள்ளன. அவை அங்ஙனம் அமைந்ததன் காரணத்தை இன்று சிறிது ஆராய்வோம்.

கி.பி. ஏழாம் நூற்றாண்டில் அரபு நாட்டில் தோன்றிய இசுலாம், சுமார் நூறு ஆண்டுகளுக்குள் மேற்கே ஸ்பெயின் வரையிலும் கிழக்கே சிந்து வரையிலும் பரவியது. சென்ற நாடுதோறும் அந்நாட்டுக் கைவினைஞரின் திறனையே அது துணைக்கொண்டது. எருசலேம் நகரில் 691-92இல் எழுந்த பாறைக் கும்மட்டத்தைப் பைசாந்திய மரபைச் சார்ந்த வண்ணச் சில்லு ஓவியங்கள் அணிசெய்கின்றன. 785இல் தொடங்கப்பெற்ற கோர்தோவாப் பெரும் பள்ளிவாசலில், பழைய உரோமானியக் கட்டடங்களின் தூண்கள் மீண்டும் நிறுத்தப்பட்டன. ஆப்பிரிக்காவின் ஜென்னெ நகரில் 1907இல் அமைந்த பள்ளிவாசல் மண்ணாலாயது. சீனத்துச் சீயான் நகரின் பெரும் பள்ளிவாசலோ, வளைந்த ஓட்டுக் கூரையுடன் சீனக் கோயில் போலவே காட்சி தருகிறது.

இத்துணை வேறுபாட்டிடையே ஒற்றுமை யாது? தொழுவோர் மக்கா நகர் இருக்கும் திசையை நோக்கி அணியணியாய் நிற்றல் வேண்டும். தொழுமிடத்தில் உயிர்களின் உருவங்கள் இருத்தலாகாது. இவ்விரண்டுமே அடிப்படை. ஆதலின் கலைஞனின் கருத்து எழுத்தணியிலும், கணித வடிவங்களிலும், பூங்கொடிப் பின்னலிலும் சென்றது. உருவ ஓவியமே இசுலாமியக் கலையில் இல்லை என்று கருதிவிடாதீர்கள். பாரசீக ஏடுகளிலும் மொகலாயர் ஏடுகளிலும் மனிதரும் விலங்கும் நுட்பமாகத் தீட்டப்பட்டுள்ளனர். தொழுகையிடத்தில் அவை விலக்கப்பட்டன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கடல் வாணிகத்தால் செழித்த கீழக்கரையில் பதினேழாம் நூற்றாண்டைச் சார்ந்த பழைய ஜும்மாப் பள்ளிவாசல் உளது. 'செத்தும் கொடுத்தான்' என்று புகழப்பெறும் வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படுவது அது. அதனுள் புகுவோர் ஒரு கோயில் மண்டபத்துள் புகுந்த உணர்வே கொள்வர். வரிசை வரிசையாய்க் கற்றூண்கள், அவற்றின்மேல் போதிகைகள், போதிகைமேல் உத்தரம், அதன்மேல் தட்டையான கற்கூரை. யாளியும் தெய்வ வடிவமும் நிற்கவேண்டிய இடங்களில் மலரும் கொடியும் கணித வடிவமும் நிற்கின்றன.

தமிழ்க் கல்தச்சன் கைக்கொண்ட முறையைக் கூர்ந்து நோக்குக. கோயிலின் கருவறை சிறியது. இறைவடிவம் உறைவதற்கென அமைந்தது. பலர் ஒருங்கே தோளொடு தோள் சேர்ந்து நிற்க அது பயன்படாது. மண்டபமோ அகன்றது, தூண்களைக் கூட்டிக்கொண்டே போனால் இடமும் பெருகும். எனவே அவன் கருவறையை விடுத்து மண்டபத்தை எடுத்துக்கொண்டான். மக்கா நம் நாட்டிற்கு மேற்கே இருத்தலின், மேற்குச் சுவரில் மிஹ்ராப் எனும் மாடத்தை அமைத்தான். உளி பழையது, பொருள் புதிது. இதுவே தமிழகப் பள்ளிவாசற் கலையின் மூலம்.

கொடுத்தலும் கொள்ளுதலும் ஒருபாற்பட்டவை அல்ல. 1636இல் மதுரையில் திருமலை நாயக்கர் எழுப்பிய அரண்மனையில், செங்கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டு எழுந்த வளைவுகளும் கும்மட்டங்களும் இசுலாமியக் கட்டடக் கலையின் கொடை. நாகூர்த் தர்காவின் ஐந்து மினாராக்களுள் மிக உயர்ந்தது 131 அடி உடையது. அதனைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். சீதக்காதி ஆதரித்த உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணமோ அரபு நாட்டையும் மருதவளம் மிக்க தமிழ்நாடு போலவே வருணிக்கிறது. அரபு எழுத்தில் தமிழை எழுதிய 'அரபுத்தமிழ்' மரபும் இவ்வுறவின் பயனே.

'பள்ளிவாசல்' என்னும் சொல்லையே எண்ணிப் பாருங்கள். பள்ளி என்பது முன்னாளில் சமணர், பௌத்தர் உறைவிடங்களைக் குறித்த சொல். எங்கள் இராயப்பன்பட்டிக்கு அருகிலுள்ள உத்தமபாளையத்தில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் செதுக்கிய பாறை ஒன்று உண்டு. தொழுகைப் பள்ளியும் அவ்வூரில் உண்டு. சமணர் வழங்கிய சொல்லை இசுலாமியர் ஏற்றனர். தமிழ் இருவர்க்கும் பொதுவாயிற்று.

இன்று கவலைக்குரிய செய்தி ஒன்றும் உண்டு. தொழுவோர் தொகை பெருக, இடம் போதாமையால் பல ஊர்களில் பழைய கல்மண்டபங்களை இடித்துக் கான்கிரீட் கும்மட்டங்கள் எழுப்புகின்றனர். இடத்தேவை நியாயமானதே. ஆனால், கும்மட்டம் இருந்தாலன்றிப் பள்ளிவாசல் ஆகாது என்ற எண்ணத்தால் ஒரு தூணை இழப்போமாயின், அத்தூணோடு நம் வரலாற்றின் ஓர் ஏட்டையும் இழந்தவர் ஆவோம். பழையதைக் காத்து, அதனருகே புதியதை விரித்தல் இயலாத செயலன்று.

மாணவர்களே, உங்கள் ஊரிலோ அண்டையூரிலோ பழைய பள்ளிவாசல் இருப்பின், பெரியோரிடம் இசைவு பெற்றுச் சென்று காணுங்கள். தூண்களை எண்ணுங்கள், போதிகையை வரைந்துகொள்ளுங்கள், பின்னர் அவ்வட்டாரக் கோயில் மண்டபத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டிலும் ஒரே உளியின் கைவண்ணம் தெரியுமாயின், எந்தப் பாடநூலும் கற்பிக்க இயலாத வரலாற்றைக் கற்றவராவீர்கள்.