கோல் மார்க்கெட்டிலிருந்து மயூர் விஹார் வரை

"தில்லிக்கு மாற்றல். எந்த ஏரியாவில் வீடு பார்க்கலாம்?" புதிதாக வருகிற நம்மூர்க் குடும்பங்கள் எல்லாம் கேட்கும் கேள்வி இது. முதலில் வந்தவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. சர்க்கார் கொடுத்த குவார்ட்டர்ஸ்தான் ஜாகை.

1911-ல் கல்கத்தாவிலிருந்து தலைநகரை மாற்றும் அறிவிப்பு வந்தது. பின்னாலேயே சென்னை மாகாணத்து குமாஸ்தாக்களும் ரயிலேறினார்கள். கோல் மார்க்கெட்டைச் சுற்றி (அந்த மார்க்கெட் 1921-ல் கட்டியது) அவர்களுக்குக் குடியிருப்பு கிடைத்தது. சரி, பிள்ளைகளுக்குத் தமிழ் யார் சொல்லித் தருவது? அதற்காகத்தான் 1923-ல் மதராஸி பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். இன்றைய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் வேர் அது.

அந்தக் கழகம் பின்னாளில் மந்திர் மார்க், லோதி எஸ்டேட், பூசா ரோடு, லக்ஷ்மிபாய் நகர், மோதிபாக், ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி என்று ஏழு இடங்களில் பள்ளி நடத்தியது. இவற்றை மேப்பில் குறித்துப் பாருங்கள், தமிழர்கள் வாழ்ந்த தில்லி அப்படியே தெரியும். தமிழ்ச் சங்கமும், 1973-ல் கும்பாபிஷேகம் கண்ட மலை மந்திரும் ராமகிருஷ்ணபுரத்தில்தான்.

ஆனால் குவார்ட்டர்ஸ் ரிடையராகும் வரைதானே? காலி செய்தவர்களுக்கு ஊர் நடுவில் சொந்த வீடு கட்டுபடியாகவில்லை. கூட்டுறவு சொசைட்டிகளில் பணம் கட்டி, யமுனையைத் தாண்டி மயூர் விஹார் போனார்கள். வீடு அமைந்தது, மேலே சொன்ன ஏழு பள்ளிகளும் இக்கரையிலேயே நின்றுவிட்டன.

அவர்கள் வீடு கிடைத்த இடத்தில் பள்ளியைக் கொண்டுவந்தார்கள். நீங்கள் பள்ளியை முதலில் முடிவு செய்யுங்கள். வாடகை பேரத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.