ஹவாயின் தட்டுச் சாப்பாடும் நான் எழுதிய ஒரு பிழையும்

2011 ஆம் ஆண்டில் பத்திரிகையாளர் கருத்தரங்கு ஒன்றில் பங்குபற்றுவதற்காக ஹொனலூலுவுக்குச் சென்றிருந்தேன். கொழும்பு திரும்பியதும், அங்கு ஒரு சாப்பாட்டுக்கடையில் எனக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தைப் பற்றி எனது வாராந்தப் பத்தியில் சற்றுக் கேலியாக எழுதினேன். வாசகர்களுக்கு அது பிடித்திருந்தது. சிலர் தொலைபேசியில் அழைத்துச் சிரித்தார்கள். அந்தப் பத்தியில் இருந்த பிழையைத் திருத்தவேண்டும் என்ற எண்ணம் பல வருடங்களாக மனதில் உறுத்திக்கொண்டிருந்தது.

கடையின் பெயர் வேண்டாம். எந்தச் சங்கிலித்தொடர் நிறுவனத்தையும் சேராத ஒரு சிறிய கடை அது. ஹவாய் மக்களின் மதிய உணவான 'பிளேட் லஞ்ச்' என்ற தட்டுச் சாப்பாட்டை உண்ணாமல் போகவேண்டாம் என்று விடுதிப் பணியாளர் சொன்னதால் சென்றேன். அரை மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்த பின்னர் எனது இலக்கத்தை அழைத்தார்கள். ரெஜிபோம் பெட்டியைத் திறந்தால், ஓரம் கருகிய தெரியாக்கிக் கோழித் துண்டுகள், காய்ந்து விறைத்த சோறு ஓர் உருண்டை, ஒரு மேசைக்கரண்டியளவு மக்கரோனி சலாது. 'யப்பானின் கோழி, சீனத்துச் சோறு, ஐரோப்பாவின் மக்கரோனி. இதில் ஹவாய் எங்கே?' என்பதுதான் நான் எழுதிய பத்தியின் சாரம்.

அந்த மதியத்தில் பக்கத்து மேசையில் நடந்ததை நான் எழுதவில்லை. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் தனது பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, அதை மூடாமலே காசாளரிடம் எடுத்துச் சென்றார். கோழி கருகியிருந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "இரண்டு உருண்டை" என்று மட்டும் சொன்னார். அரிசி விலை ஏறிவிட்டது, மேலதிக சோற்றுக்குத் தனியாகக் காசு என்றார் அந்தப் பெண். மேலதிகம் அல்ல, இரண்டு என்பதுதான் கணக்கு என்றார் பெரியவர். ஒரு பிடி சோற்றுக்காக இந்த வயதில் இவ்வளவு பிடிவாதமா என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்து அமர்ந்தவரிடம் பேச்சுக் கொடுத்தபோது, தனது தகப்பனார் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர் என்றும், அவருக்குப் பெயர் இருந்தும் தோட்டத்தில் இலக்கம்தான் பெயர் என்றும் சொன்னார். செவிமடுத்தேன், குறித்துக்கொள்ளவில்லை.

ஹவாயில் நிலைத்து நின்ற முதலாவது கரும்புப் பெருந்தோட்டம் 1835 இல் கவாய் தீவின் கொலோவாவில் தொடங்கப்பட்டது. வெளியிலிருந்து வந்த நோய்களால் தீவின் சொந்த மக்கள் அக்காலத்தில் பெருந்தொகையாக மடிந்துகொண்டிருந்தார்கள். கரும்பு வெட்ட ஆள் வேண்டியிருந்தது. 1850 இல் எசமானர் - பணியாளர் சட்டம் இயற்றப்பட்டது. ஒப்பந்தத்தை முறித்து ஓடும் தொழிலாளியைச் சிறையிலடைக்க அது வழிசெய்தது. 1852 இல் சீனர், 1878 இல் போர்த்துக்கேயர், 1885 முதல் பெருந்தொகையாக யப்பானியர், 1903 இல் கொரியர், 1906 இல் பிலிப்பைன்ஸ் நாட்டவர் எனக் கப்பல்கள் வந்துகொண்டேயிருந்தன. ஓர் இனத்தவர் வேலைநிறுத்தம் செய்தால் இன்னோர் இனத்தவரைக் கொண்டு வேலையை நடத்தலாம் என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. குடியிருப்புகள் இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒரே வேலைக்குக் கூலியும் இனவாரியாக வேறுபட்டது. 1909 இல் போர்த்துக்கேயத் தொழிலாளி மாதமொன்றுக்கு 22 டொலர் 50 சதம் பெற்றபோது யப்பானியத் தொழிலாளி பெற்றது 18 டொலர். அவ்வருடம் ஒவாஹு தீவில் யப்பானியர் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தியதற்கு இந்த நான்கரை டொலரே காரணம்.

தொழிலாளி ஒவ்வொருவரிடமும் இலக்கம் பொறித்த ஓர் உலோகத் தகடு இருந்தது. யப்பானிய மொழியில் இலக்கம் என்று பொருள்படும் 'பாங்கோ' என்பது அதன் பெயர். கூலி வாங்குவதும் தோட்டக் கடையில் கடனுக்குப் பொருள் வாங்குவதும் அந்த இலக்கத்தின் பேரில்தான். இதைப் பின்னாளில் படித்தபோதே எனக்குச் சுரீர் என்றது. தென்னிந்தியாவிலிருந்து இலங்கையின் தோட்டங்களுக்கு அழைத்து வரப்பட்ட எமது மலையக மக்களின் கழுத்திலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இலக்கமிட்ட தகரச் சீட்டுத் தொங்கியது. அந்தத் தகரச் சீட்டைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் எழுதிய நான், அதே தகடு ஹொனலூலுவில் பக்கத்து மேசையிலிருந்து பேசியபோது அடையாளம் காணவில்லை. சோறு காய்ந்திருக்கிறது என்ற கவலையில் இருந்தேன்.

விடியுமுன்னரே வயலுக்குச் சென்ற தொழிலாளர்கள் மதிய உணவை இரண்டடுக்குத் தகரப் பாத்திரமொன்றில் எடுத்துச் சென்றார்கள். 'கவ்கவ் டின்' என்று அதற்குப் பெயர். நாங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுபோன அடுக்குக் கரியரை நினைத்துக்கொள்ளுங்கள். அடித்தட்டு முழுவதும் சோறு; மேல்தட்டில் உப்பிட்ட மீனோ, ஊறுகாயோ, கொஞ்சம் இறைச்சியோ. கரும்புக்கு நடுவே வட்டமாக அமர்ந்து மேல்தட்டுகளை நடுவில் வைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். யப்பானியரின் தெரியாக்கியும், கொரியரின் கிம்சியும், பிலிப்பைன்ஸ்காரரின் அடோபோவும் இப்படித்தான் சந்தித்தன. சுற்றுலாப் பிரசுரங்கள் இதை ஒற்றுமையின் இனிய கதையாகச் சொல்லி நிறுத்திவிடும். பிரித்து வைக்கப்பட்டவர்கள் நிருவாகத்தின் விருப்பத்துக்கு மாறாகவே ஒன்றாக உண்டார்கள் என்று நான் வாசிக்கிறேன். 1920 இல் யப்பானியரும் பிலிப்பைன்ஸ்காரரும் ஒவாஹுவில் ஒரே காலத்தில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வீடுகளிலிருந்து குடும்பங்களோடு வெளியேற்றப்பட்டு, தோல்வியும் கண்டார்கள்.

1946 செப்டெம்பரில் நிலைமை வேறாக இருந்தது. எல்லா இனத்தவரும் ஒரே தொழிற்சங்கத்தின் கீழ் நின்று, 79 நாட்கள் தீவுகளின் சீனி உற்பத்தியையே நிறுத்தினார்கள். அவர்களைத் தாங்கி நின்றது பொதுச் சமையலறைகள். மீன் பிடிக்க ஒரு குழு, காட்டில் வேட்டையாட ஒரு குழு, மரக்கறி பயிரிட ஒரு குழு என்று பிரிந்து எல்லோருக்கும் ஒரே பானையில் சமைத்தார்கள். வென்றார்கள்.

கரியரிலிருந்த சோறு கடதாசித் தட்டுக்கு மாறியது இதற்குச் சற்று முன்னர். 1930களில் துறைமுகத்திலும் கட்டட வேலைத்தளங்களிலும் உழைத்தவர்களுக்காகச் சாப்பாட்டு வண்டிகள் ஓடத் தொடங்கின. அளவில் பேதம் வராதிருக்க, ஐஸ்கிரீம் அள்ளும் கரண்டியால் இரண்டு உருண்டைச் சோறு. பக்கத்தில் குளிர்ந்த மக்கரோனி சலாது. மேலே குழம்போடு இறைச்சி. பின்னர் கடைகள் வந்தன. இரண்டாம் உலகப் போரில் யப்பானிய வம்சாவளிப் படைவீரர்களைக் கொண்ட 100 ஆவது காலாட்படைப் பிரிவில் சமையற்காரராக இருந்த சேஜு இஃபுகு என்பவர் 1961 இல் ஹொனலூலுவின் கபஹூலு வீதியில் 'ரெயின்போ டிரைவ்-இன்' என்ற கடையைத் திறந்தார். தட்டுச் சாப்பாட்டின் அடையாளமாகவே அது இன்று கருதப்படுகிறது. 1999 முதல் கலிபோர்னியாவில் 'ஹவாயன் பாபிகியூ' என்ற பெயரோடு இவ்வுணவு பெருநிலப்பரப்புக்கும் சென்றது.

அந்த 'ஹவாயன்' என்ற சொல்லில்தான் என்னைப் போன்றவர்கள் வழுக்கி விழுகிறோம். ஹவாயில் 'ஹவாயன் பிளேட்' என்று கேட்டால் கிடைப்பது வேறு: மண்ணடுப்பில் வெந்த பன்றியிறைச்சி, சேம்பிலையில் பொதிந்து அவித்த லவ்லவ், சேம்புக் கிழங்கை அவித்து இடித்துப் பிசைந்த கூழ். அந்தக் கூழின் பெயர் 'பொய்'. தமிழில் எழுதினால் சங்கடம்தான், என்ன செய்வது. நான் கேட்டது ஒன்று, எதிர்பார்த்தது இன்னொன்று. இந்த அளவில் பிழை என்னுடையது, கடையினுடையது அல்ல.

ஆனால் 'இதில் ஹவாய் எங்கே' என்ற கேள்வி முழுவதும் மடைத்தனமானதும் அல்ல. சேம்பு வளர ஓடும் நீர் வேண்டும். அந்த நீரைக் கரும்பு குடித்தது. 1870களில் கிழக்கு மாவியின் ஓடைகளை வெட்டித் திருப்பினார்கள். ஒவாஹுவின் வையாஹோலே பள்ளத்தாக்கு நீரை மலையைக் குடைந்து மறுபக்கத் தோட்டங்களுக்குக் கொண்டுசென்ற கால்வாய் 1916 இல் நிறைவுற்றது. சேம்பு வயல்கள் வரண்டன. 1995 இல் அந்தக் கரும்புக் கம்பனி மூடப்பட்ட பின்னர், நீரைத் திருப்பித் தாருங்கள் என்று சேம்புப் பயிர்ச்செய்கையாளர்கள் வழக்காடினார்கள். நீர் பொதுமக்களுக்காகப் பாதுகாக்கப்படவேண்டிய சொத்து என்று ஹவாயின் உச்ச நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஆகவே தட்டில் ஹவாய் இல்லாமற்போனதற்குக் காரணமும் தட்டில் இரண்டு உருண்டைச் சோறு வந்ததற்குக் காரணமும் ஒரே கரும்புதான். இதை எழுதியிருந்தால் அது பத்தி. நான் எழுதியது பகிடி.

நான் சென்றபோது மாவியில் ஒரேயொரு சீனி ஆலை எஞ்சியிருந்தது. 2016 டிசெம்பரில் அதுவும் மூடப்பட்டது.

பெரியவரின் விடயத்தை முடிக்கவேண்டும். சிறிது நேரத்தில் அந்தப் பெண் ஒரு கிண்ணத்தில் சோறு கொண்டுவந்து, கரண்டியால் உருண்டையாக்கி அவரது பெட்டியில் வைத்தார். காசு கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பெரியவர் தலையசைத்துவிட்டு உண்ணத் தொடங்கினார். எனது பெட்டியிலும் ஓர் உருண்டைதான் இருந்தது. நான் கேட்கவில்லை, எனவே எனக்கு வரவும் இல்லை.