சிவப்பு அட்டையின் நிழலில்: லோறோன் பிளாங்

உலகக் கிண்ணத்தை வென்ற அணியில் இருந்தும் இறுதியாட்டத்தில் ஆட முடியாமற் போனவர்கள் உதைபந்தாட்ட வரலாற்றில் சிலர் உளர். அவர்களுள் பிரான்சின் பின்கள வீரர் லோறோன் பிளாங்கின் கதை தனித்துவமானது.

1965 இல் தென்பிரான்சின் அலெஸ் நகரிற் பிறந்த பிளாங், மொன்பெலியே கழகத்தில் கோல் அடிக்கும் நடுக்கள வீரராகவே தொடங்கினார். பின்னரே பின்களத்துக்கு மாற்றப்பட்டார். பந்தைத் தடுப்பதோடு அவரது பணி முடிவதில்லை. பின்னிருந்தே ஆட்டத்தைத் தொடக்கி வைப்பார். தருணம் வாய்த்தால் முன்சென்று கோலும் அடிப்பார். பிரான்சுக்காக 97 ஆட்டங்களில் அவர் அடித்தவை 16 கோல்கள்.

அவற்றுள் ஒன்று வரலாறானது. 1998 ஜூன் 28 ஆம் திகதி லான்ஸ் நகரில் பராகுவே அணி பிரான்சை மேலதிக நேரம் வரை இழுத்துச் சென்றது. அந்நேரத்தின் பிற்பாதியில் பிளாங் அடித்த கோல், உலகக் கிண்ணத்தின் முதலாவது 'பொற்கோல்' ஆயிற்று. அத்துடன் ஆட்டமும் முடிந்தது.

பத்து நாட்களின் பின் குரோஷியாவுடனான அரையிறுதி. பிளாங்கின் கை பட்டதும் எதிரணி வீரர் பிலிச் முகத்தைப் பொத்திக்கொண்டு வீழ்ந்தார். மத்தியஸ்தர் சிவப்பு அட்டையைக் காட்டினார். தண்டனை குற்றத்தை மிஞ்சியது என்பதே காணொளியைப் பார்த்த பலரின் கருத்து. ஜூலை 12 இல் பிரேசிலை 3-0 என வென்று சகாக்கள் கிண்ணத்தை ஏந்தினர். அவரது இடத்தில் ஆடியவர் லெபேஃப். இரண்டு ஆண்டுகளின் பின் றொட்டர்டாமில் இத்தாலியை வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைப் பெற்றபோது பிளாங் களத்தில் இருந்தார். காலம் ஒரு கடனைத் தீர்த்தது எனலாம்.

பயிற்றுநராக அவர் 2009 இல் போர்தோ கழகத்தைச் சம்பியனாக்கி, லியோனின் தொடர்ச்சியான ஏழாண்டு ஆதிக்கத்துக்கு முடிவு கட்டினார். 2010 இல் தென்னாபிரிக்காவில் பயிற்சியைப் பகிஷ்கரித்த தேசிய அணி அவர் கைக்கு வந்தது. தமது முதலாட்டத்துக்கு அந்த 23 வீரர்களில் எவரையும் அவர் அழைக்கவில்லை. தலைமை தாங்கியவர், பின்தொடர்ந்தவர் என்ற பேதம் பார்க்கப்படவில்லை. ஒரு கணத்துக்காக மிகையாகத் தண்டிக்கப்பட்டவரே கூட்டுத் தண்டனையை விதித்தார்.

அடுத்த ஆண்டு அவரே விசாரணைக்கு உள்ளானார். இளையோர் பயிற்சியகங்களில் இரட்டைக் குடியுரிமைக்குத் தகுதியானோரின் எண்ணிக்கையை மட்டுப்படுத்துவது குறித்து, அவரும் பங்கேற்ற கூட்டமொன்றில் பேசப்பட்டமை 2011 இல் அம்பலமானது. அல்ஜீரியக் குடியேறிகளின் மகன் சிடானும், கானாவிற் பிறந்த டெசைலியும், குவாடலூப்பிற் பிறந்த துராமும் அவருடன் ஆடியவர்கள். துராம் பகிரங்கமாகவே கண்டித்தார். பிளாங் மன்னிப்புக் கோரினார். பாரபட்சம் காட்டும் நோக்கத்தை மறுத்தார். அவர் சட்டத்தை மீறவில்லை என விசாரணை கூறிற்று. ஆயினும் 1998 இன் அந்த அணி நாட்டுக்குத் தந்த நம்பிக்கையில் ஒரு கீறல் விழுந்தது.

2012 இல் தேசிய அணியை விட்டு விலகியவர், பின்னர் பாரிஸ் சென் ஜெர்மென் கழகத்துக்கு மூன்று லீக் பட்டங்களையும், 2025 இல் சவூதியின் அல் இத்திஹாத்துக்கு ஒரு லீக் பட்டத்தையும் பெற்றுக்கொடுத்தார். கிண்ணங்களை எண்ணிவிடலாம். ஆனால் தீர்ப்புக்கு ஆளாவதும் தீர்ப்பு வழங்குவதும் எத்துணை கடினமானவை என்பதை அவர் வாழ்க்கை சொல்லும் அளவுக்குப் புள்ளிவிபரங்கள் சொல்வதில்லை.