குளிர்ச்சிகிச்சைக்குப் பின் சருமம் ஆறும் விதம்

மரு, பாலுண்ணி, கீலாய்டு எனப்படும் தழும்பு மேடு முதலிய சரும விகாரங்களைக் கடுங்குளிரால் உறையச் செய்து அழிக்கும் வைத்திய முறை குளிர்ச்சிகிச்சையாம். நோயாளிகள் இதனைக் 'கிரையோ' என்று சுருக்கி வழங்குவர். அதன்பின் சருமம் ஆறும் விதமும் பராமரிப்பும், தாம்பரம் முதலான சென்னைத் தென்புறநகர்களின் வெயிலையும் புழுக்கத்தையும் மாநிறச் சருமத்தையும் மனத்திற்கொண்டு ஈண்டு உரைக்கப்படுகின்றன.

சரும விகாரத்தைச் சுட்டு நீக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. சித்த வைத்தியம் வகுத்த 32 புறமருந்துகளுள் சுட்டிகையும் காரமும் எண்ணப்பட்டுள்ளன. அவ்வைத்தியத்திற்குரிய தேசிய நிறுவனமும் 2005 முதல் தாம்பரம் சானடோரியத்திலேயே இயங்கிவருகிறது. நெருப்பின் வேலையைக் குளிரிடம் ஒப்படைத்தவர்கள் மேனாட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜேம்ஸ் ஆர்னட் என்னும் ஆங்கில வைத்தியர், நொறுக்கிய பனிக்கட்டியுடன் உப்பைக் கலந்து வைத்துப் புற்றுப்புண்களின் வேதனையைத் தணித்தார். 1883-இல் கிராக்கோ நகரில் விரோப்லெவ்ஸ்கி, ஓல்ஷெவ்ஸ்கி என்னும் இருவர் நைட்ரஜனைத் திரவமாக்கினராயினும், அதனைச் சேமித்துவைக்கப் பாத்திரம் இல்லை. அக்குறையை 1892-இல் ஜேம்ஸ் டூவரின் வெற்றிடக் குடுவை தீர்த்தது. வீட்டில் காப்பி ஊற்றிவைக்கும் பிளாஸ்க்கு அதன் வழித்தோன்றலே. 1899-இல் நியூயார்க்கின் காம்ப்பெல் ஒயிட் திரவக் காற்றைப் பஞ்சில் தோய்த்துச் சருமத்தில் ஒற்றினார். 1907-இல் சிகாகோவின் பியூசி கரியமிலவாயுப் பனியைக் கையாண்டார். 1950-இல் ஆலிங்டன், −196 பாகை செல்சியஸில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைப் பஞ்சுக்குச்சியால் இட்ட முறையைப் பிரசுரித்தார்.

உறைந்து வெண்மையான இடம் இளகியதும் சிவந்து தடிக்கும். ஒரு நாளுக்குள் கொப்புளம் எழும். அதில் சில வேளை இரத்தம் கலந்திருப்பதும் இயல்பே. பின்னர் அது வற்றிப் பொருக்காகி, முகத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாளிலும், இரத்த ஓட்டம் குன்றிய காலில் அதனினும் நெடுநாள் கழித்தும் உதிரும். ஜீவாணுக்கள் மடிந்தாலும் அவற்றைத் தாங்கும் நார்ச்சட்டகம் பெரும்பாலும் சிதையாமையால் வடு குறைவு. ஆனால் நிறம் தரும் அணுக்கள் −4 முதல் −7 பாகையிலேயே மடிய, மேற்றோல் அணுக்களோ −20 பாகைக்குக் கீழும் தாக்குப்பிடிக்கும். ஆகவே மாநிறத்தார்க்கு முதற்கவலை தழும்பன்று, வெண்புள்ளியே; வெண்சருமத்தாரைக் கண்டு எழுதப்பட்ட நூல்கள் இதனைப் போகிறபோக்கில் சொல்லிச் செல்கின்றன.

கொப்புளத்தின் மேல்தோலே சிறந்த கட்டாதலின் அதனைக் கிள்ளலாகாது. விம்மி வலித்தால் வைத்தியரே சுத்தமான ஊசியால் நீரை வடிப்பார். நாள்தோறும் சோப்பும் நீருமிட்டு மெல்லக் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசலின் பூசுதல் போதும். லாரித் தண்ணீரை நம்பும் தெருக்களில் காய்ச்சி ஆறிய நீரைக் கொள்க. மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டா. வலிக்குப் பாரசிட்டமால் அமையும். சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் தோன்றினும், நீரிழிவுடையோர்க்குப் பாதத்தில் ரணம் ஆறாவிடினும் தாமதியாது வைத்தியரை நாடவேண்டும்.

1928-இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் காசநோயாளருக்கெனச் சானடோரியத்தை நிறுவியபோது திறந்தவெளியே மருந்தாயிற்று. அதே ஊரில் கிரையோ செய்துகொண்டவரோ, ரயில் மேடையில் நிற்கும் பொழுதிலும் அவ்விடத்தை வெயில் படாது மறைக்கவேண்டியவராகிறார். பொருக்கு உதிர்ந்த இளஞ்சருமம் வெயிலில் கருத்துவிடும். வெளுத்த இடத்தில், ஓரங்களிலிருந்தும் மயிர்க்கால்களிலிருந்தும் நிறம் சில மாதங்களில் ஊர்ந்து திரும்பும்; சிலருக்குத் திரும்புவதில்லை.

இக்காலத்தில் திரவ நைட்ரஜனைச் சிறு தெளிப்பானால் பீய்ச்சுவதே பெருவழக்கு. மருவாயின் இரண்டு மூன்று வாரத்துக்கொருமுறை மீண்டும் வரச்சொல்வர்.