'ஃபிளிட்' - ஒரு சொல்லின் குடிபெயர்ச்சி

ஆங்கில அகராதியில் 'ஃபிளிட்' என்னும் வினைச்சொல்லைத் தேடும் மாணவன், மெல்லென விரைந்து பறத்தல், ஓரிடத்தில் நில்லாது இங்குமங்கும் தாவுதல் என்னும் பொருள்களைக் காண்பான். மலருக்கு மலர் தாவும் வண்ணத்துப்பூச்சிக்கும், அந்தி வானில் சுழன்று திரியும் வௌவாலுக்கும், இதழில் தோன்றி மறையும் புன்னகைக்கும் இச்சொல் பொருந்தும். எடையற்ற அசைவொன்றையே இது குறிக்கிறது என்று அவன் முடிவு செய்தால் அதில் வியப்பில்லை. ஆயினும், ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் வழங்குவது என்ற குறிப்புடன், 'வீடு மாறிக் குடிபோதல்' என்றொரு பொருளும் அங்கே காணப்படும். பறவையின் சிறகசைவுக்கும், தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியிலேற்றும் ஏழைக் குடும்பத்துக்கும் என்ன உறவு? இவ்வினாவுக்கு விடை காணப் புகுவோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட வரலாற்றுக்குள் செல்ல வேண்டியுள்ளது.

கி.பி. 793இல் இங்கிலாந்தின் வடகீழ்க் கரையிலுள்ள லிண்டிஸ்ஃபார்ன் தீவின் துறவி மடத்தை வைக்கிங்குகள் சூறையாடினர். 865இல் அவர்களது பெரும்படை வந்திறங்கியது. மறு ஆண்டில் யார்க் நகரம் வீழ்ந்தது. கொள்ளையடிக்க வந்தோரிற் பலர் பின்னர் அங்கேயே நிலம் உழுது, மணம் புரிந்து, குடிகளாயினர். கிரிம்ஸ்பி, விட்பி, டார்பி எனப் 'பி' என முடியும் ஊர்ப்பெயர்கள் அக்குடியேற்றத்தின் சான்றுகள். 'பி' என்பதற்கு அவர்தம் மொழியில் ஊர், பண்ணை என்பது பொருள். அண்டை அயலாராய் வாழ்ந்த இரு மக்களின் மொழிகளும் கலந்தன. முட்டை, சாளரம், வானம் ஆகியவற்றுக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயர்களும், 'அவர்கள்' என்னும் பொருள்தரும் சுட்டுப்பெயரும்கூட அவ்வடபுலத்தார் தந்தவையே. அவ்வழி வந்ததே 'ஃபிளிட்'. ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் அது ஆங்கில எழுத்தில் இடம்பெறத் தொடங்குகிறது.

வடபுலத்தாரின் பழைய நார்ஸ் மொழியில் இதன் மூலவடிவம் 'ஃபிளுட்யா' என்பது. அதன் பொருள் பறத்தல் அன்று; ஒன்றை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லுதல் ஆகும். மிதத்தல், ஓடுதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்த பிறவினை அது. தமிழில் 'ஓடு' என்னும் தன்வினை 'ஓட்டு' எனவும், 'பெயர்' என்பது 'பெயர்த்து' எனவும் பிறவினையாவதை இங்கு ஒப்புநோக்கலாம். கடலோடிகளான அம்மக்களுக்குப் பொருளைக் கொண்டுசெல்லுதல் என்பது, அதை நீரில் மிதக்கவிட்டுச் செலுத்துதலாக இருந்தது. ஆகவே இச்சொல்லின் தொடக்கம் சிறகில் இல்லை; சுமையேற்றிய படகில் இருக்கிறது.

மொழிநூலார் இதன் வேரை இன்னும் ஆழத்திற் காட்டுவர். இலத்தீனில் மழை பெய்தலைக் குறிக்கும் சொல்லும், கிரேக்கத்தில் கடலிற் செல்லுதலைக் குறிக்கும் சொல்லும், வடமொழியில் மிதத்தலைக் குறிக்கும் 'பிலவ' என்பதும் இவ்வேரின் கிளைகளே. பகரத்தில் தொடங்கும் பழஞ்சொற்கள் ஆங்கிலம் முதலிய செர்மானிய மொழிகளில் 'ஃப' ஒலி பெறும் என்னும் விதியை யாக்கோபு கிரிம் 1822இல் வகுத்துரைத்தார். 'பிதா' என்பதற்கு 'ஃபாதர்', 'பாதம்' என்பதற்கு 'ஃபுட்' என்று நிற்பதைக் கண்டால் விதி தெளிவாகும். அறுபதாண்டுச் சுழற்சியில் 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் பிறந்த 'பிலவ' ஆண்டின் பெயரும், குரங்கைக் குறிக்கும் 'பிலவங்க' என்னும் மற்றோர் ஆண்டின் பெயரும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. மிதப்பது படகு; தாவுவது குரங்கு. ஆங்கிலத்திலும் கப்பற்படையைக் குறிக்கும் 'ஃபிளீட்' என்பதும், விரைவுடைய என்னும் பொருள்தரும் 'ஃபிளீட்' என்பதும் இவ்வேரினவே.

தமிழில் 'ஓடு' என்னும் வினையினின்றே 'ஓடம்' என்னும் பெயர் பிறந்தது. நீரோட்டத்தையும் விரைவையும் ஒருங்கே எண்ணும் இயல்பு பல மொழியினர்க்கும் பொதுவாதலை இது உணர்த்தும். எனினும் ஓடத்துக்கும் 'ஃபிளீட்'டுக்கும் உறவு கற்பித்தல் பிழையாகும். தமிழ் வேறு குடும்பத்து மொழி. ஒத்திருப்பது எண்ணமேயன்றி வேர் அன்று.

ஆங்கிலத்தில் நுழைந்த பின்னர் இச்சொல் படிப்படியே தன் சுமையை இறக்கிவைத்தது. முதலில் பிறிதொன்றைக் கொண்டுசெல்லுதல். அடுத்து, தானே இடம்பெயர்தல். பின்னர், விரைந்து இடம்பெயர்தல். இறுதியில், நிலையின்றிப் படபடத்தல். வௌவாலுக்கு வழங்கிய 'ஃபிளிட்டர்மவுஸ்' என்னும் பழம்பெயர் இவ்விறுதிப் பொருளைச் சார்ந்தது. ஆனால் நார்ஸ் குடியேற்றம் மிகுந்த வடபகுதியில் பழம்பொருள் மாயவில்லை. டென்மார்க்கிலும் நார்வேயிலும் சுவீடனிலும் வீடு மாறுதலை இச்சொல்லின் உறவுச் சொற்களே இன்றளவும் குறிக்கின்றன.

ஸ்காட்லாந்தில் மே 25ஆம் நாள் 'குடிபெயரும் நாள்' எனப்பட்டதாக இராபர்ட் சேம்பர்ஸ் 1864இல் வெளிவந்த தம் 'நாட்களின் நூல்' என்னும் தொகுப்பிற் குறித்துள்ளார். குடிக்கூலித் தவணையும் பண்ணை வேலை ஒப்பந்தமும் முடிவுறும் காலத்தில், கட்டிலும் பெட்டியும் குழந்தைகளுமாய் வண்டிகள் சாலையை நிறைத்தன. வாடகை செலுத்த இயலாதோரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நிலுவைக்கு ஈடாகக் குடியிருப்போரின் உடைமைகளைக் கைப்பற்றும் உரிமையைச் சட்டம் வீட்டுக்காரருக்கு அளித்திருந்தது. ஆதலின் அவர்கள் ஊருறங்கும் வேளையில் ஓசையின்றி உடைமைகளை எடுத்துக்கொண்டு வெளியேறினர். இதனை 'நிலவொளி ஃபிளிட்' என்று வழங்கினர். நகைச்சுவைபோல் ஒலிக்கும் இத்தொடருக்குள் வறியோரின் அச்சம் ஒளிந்திருக்கிறது.

இச்சொல்லின் துயரப் பொருளைச் சமய நூலும் காத்து வைத்துள்ளது. மைல்ஸ் கவர்டேல் மொழிபெயர்த்து, ஆங்கிலத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலில் நிலைபெற்ற சங்கீதங்களுள் 56ஆம் சங்கீதத்தில், பகைவரால் துரத்தப்பட்ட தாவீதின் அலைச்சல்களை இச்சொல்லின் பெயர் வடிவமே சுட்டுகிறது. 1611இல் வெளிவந்த யாக்கோபு மன்னர் பதிப்பில் அவ்விடத்தை வேறொரு சொல் பெற்றது. தமிழ் விவிலியம் அதனை 'அலைச்சல்' என்றே பெயர்த்தது. மூலம் எபிரேயமாதலால் தமிழுக்கும் கவர்டேலின் சொல்லுக்கும் நேர்த்தொடர்பில்லை. எனினும் அச்சொல் அங்கு ஏற்ற பொருளைத் தமிழ்ச்சொல் துலங்கக் காட்டுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் வணிகம் இச்சொல்லைக் கையகப்படுத்தியது. நியூஜெர்சி ஸ்டாண்டர்டு எண்ணெய் நிறுவனம் 1923இல் தன் பூச்சிக்கொல்லிக்கு 'ஃபிளிட்' என்று பெயரிட்டது. பின்னாளில் குழந்தை இலக்கியத்தாற் புகழ்பெற்ற டாக்டர் சூஸ், 1928 முதல் அதற்கு விளம்பரச் சித்திரங்கள் வரைந்தார். கையால் அழுத்தி மருந்து தெளிக்கும் குழாய்க்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. சிறகடித்தலைக் குறித்த சொல், சிறகடிக்கும் பூச்சியைக் கொல்லும் மருந்துக்குப் பெயராயிற்று!

மொழிபெயர்ப்பு கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்வரலாறு பயன்படுவதாகும். கிளைகளிடையே பறவை 'ஃபிளிட்' செய்தால் அது தாவித் திரிந்தது. முகத்தில் புன்னகை செய்தால் மின்னி மறைந்தது. ஸ்காட்லாந்துக் கதையில் ஒரு குடும்பம் செய்தால் அது குடிபெயர்ந்தது. அகராதியின் முதற்பொருளை மட்டும் பற்றிக்கொண்டு, அக்குடும்பம் 'பறந்து சென்றது' என்று எழுதும் மாணவன் ஒரு சொல்லில் மட்டும் தவறுவதில்லை. வண்டியும் சுமையும் வாடகைக் கடனும் அவன் எழுத்தில் இல்லாமற் போகின்றன. எளிய மக்களின் வாழ்வு அரச ஆவணங்களிற் பதிவாகாத இடத்தும் அவர்தம் பேச்சிற் பதிந்து கிடக்கும். அதனை இழக்காமல் மறுமொழிக்குக் கொண்டுசேர்த்தல் மொழிபெயர்ப்பாளரின் கடமை. கொண்டுசேர்த்தல் என்பதே 'ஃபிளிட்' என்னும் சொல்லின் முதற்பொருளும் ஆகும்.