எட்டு மணிப் பூவும் செண்டுடுக்கும்

கெடாவின் செம்பனைத் தோட்டச் சாலைகளில் காலையில் நடந்தால் இரண்டு பூக்களைப் பார்க்கலாம். ஒன்று சாலையோரம் வரிசையாக நட்ட டர்னேரா. வெள்ளை இதழ், நடுவில் கருஞ்சிவப்பு. எட்டு மணி வாக்கில் விரிவதால் மலாயில் ‘புங்கா புக்குல் லாப்பான்’. மற்றது கால்வாய்க் கரையில் தானாக முளைத்த ஊதாநிறச் செண்டுடுக். முதலாவதற்கு நிர்வாகம் செலவு செய்கிறது, இரண்டாவதற்கு மருந்தடிக்கிறது.

டர்னேரா வெப்பமண்டல அமெரிக்காவின் செடி. செம்பனையைக் காய்க்க வைக்க அதை நடவில்லை. அந்த வேலையை 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த கூன்வண்டு பார்த்துக்கொள்கிறது. அதற்கு முன் தொழிலாளர்களே மகரந்தத் தூளைக் கையால் தூவினார்கள். டர்னேராவுக்குக் காவல் வேலை. மட்டைகளை அரித்துத் தின்னும் பைப்புழுவின் உடலில் முட்டையிட்டு அதை அழிப்பவை சின்னஞ்சிறு குளவிகள். வளர்ந்த குளவிக்குத் தேன் வேண்டும். டர்னேராவில் பூவில் மட்டுமல்ல, இலையடியில் உள்ள சுரப்பிகளிலும் தேன் ஊறும்.

செண்டுடுக் இந்த மண்ணின் செடி. அதன் பூவில் சொட்டுத் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும்தான், அதுவும் நுனியில் ஒரு துளை விட்ட பைக்குள். பத்துக் கேசரங்களில் குட்டையான மஞ்சள் ஐந்தும் கருவண்டுக்குச் சோறு போடும். நீண்ட ஊதா ஐந்தும் அதன் உடலில் மகரந்தத்தைப் பூசி வேலை வாங்கும். கருவண்டு பூவைக் கவ்விக்கொண்டு உடலை அதிர வைத்தால்தான் தூள் கொட்டும். குளவிக்கு இங்கே பந்தி இல்லை.

தோட்ட வீட்டுக் கொல்லைக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. கத்தரிப் பூவிலும் மகரந்தப்பை இப்படித்தான் நுனியில் திறக்கும். செண்டுடுக்கில் பசியாறும் கருவண்டு கத்தரியையும் உலுக்கும். அப்படி உலுக்கிய பூவில் காய் நன்றாகப் பிடிக்கும். கத்தரி பூக்காத மாதத்திலும் அந்த வண்டுக்கு உணவு வேண்டும். ஆண்டு முழுதும் பூக்கும் செண்டுடுக் அதைத் தருகிறது. பழம் பறவைகளுக்கு, பிள்ளைகள் தின்றால் நாக்கு கறுக்கும்.

வளர்ப்பிலும் வேறுபாடு உண்டு. டர்னேராவை ஒடித்து நட்டால் வேர் விடும். நல்ல வெயில் போதும். செண்டுடுக்கின் விதை தூசி போன்றது. மண்ணின் மேலே தூவவேண்டும், புதைக்கக் கூடாது. பறவை போட்ட நாற்றைப் பெயர்த்து நடுவது இன்னும் எளிது. மற்றச் செடிகள் சோர்ந்துபோகும் புளிப்பு மண்ணிலும் அது தழைக்கும். சுண்ணாம்பு போட்டுப் பக்குவப்படுத்தத் தேவையில்லை.

இளங்கன்று நிரையில் செண்டுடுக் களைதான். அங்கே வெட்டத்தான் வேண்டும். ஹவாயிலோ அது காட்டையே நெருக்கும் அந்நியச் செடி. ஆனால் கால்வாய்க் கரையிலும் வேலியோரத்திலும் அதற்கு மருந்தடிப்பது கத்தரிக்கு வரும் வண்டை நாமே விரட்டுவது. டர்னேரா மட்டையைக் காக்கட்டும், அது சாலையோரத்திலேயே இருக்கட்டும். கருவண்டுக்கு டர்னேரா வரிசை ஈடாகாது. நாலு செண்டுடுக் புதரை விட்டு வைத்தால் போதும். அதற்குச் செலவும் இல்லை, மருந்தும் மிச்சம்.